நாலு டிஸ்க்கில் எட்டு டிபி போதுமா?

கேள்வி: எங்கள் வாசகர் மன்றத்துக்குப் பழைய சர்வர் ஒன்று நன்கொடையாக வந்திருக்கிறது. 32 ஜிபி ராம், 4 டிபி ஹார்ட் டிஸ்க் நான்கு. இணையதளம், உறுப்பினர் பட்டியல், ஸ்கேன் செய்த இதழ்கள் மூன்றும் இதில் இருக்க வேண்டும். பல டிஸ்க்கை ஒன்றாக இணைத்து, ஒன்று கெட்டாலும் டேட்டாவைக் காக்கும் ரெய்டு 5 போட்டால் 12 டிபி கிடைக்குமே? எல்லாம் ஒரே லினக்ஸில் போதுமா, தனித்தனி விர்ச்சுவல் மெஷின் (ஒரே சர்வருக்குள் தனிக் கணினி போல ஓடுவது) வேண்டுமா?

பதில்: 12 டிபி ஆசை வேண்டாம். ரெய்டு 5-இல் ஒரு டிஸ்க் போனால், மற்ற மூன்றையும் முழுக்கப் படித்துத்தான் புதியதை நிரப்ப முடியும். ஏழெட்டு மணி நேரமாவது ஆகும். அதற்குள் இன்னொன்று படுத்தால் மொத்தமும் போச்சு. ஒரே வயதுள்ள பழைய டிஸ்க்குகளில் இது நடக்கக்கூடியதே. இரண்டிரண்டாக மிரர் செய்யுங்கள், அதாவது ஒரு ஜோடியின் இரண்டு டிஸ்க்கிலும் ஒரே டேட்டா. 8 டிபி கிடைக்கும், நிரப்ப வேண்டியதும் ஜோடி டிஸ்க்கிலிருந்து மட்டும்தான்.

விர்ச்சுவல் மெஷின்களை நடத்தும் லினக்ஸான ப்ராக்ஸ்மாக்ஸை நிறுவும்போதே, டிஸ்க்குகளை நிர்வகிக்கும் கோப்பு முறைமையாக இசட்எஃப்எஸ், அதில் ரெய்டு 10 (மேலே சொன்ன ஜோடி மிரர்) என்று தேர்ந்தெடுங்கள். டிஸ்க்குகளைத் தானே இணைக்கும் ரெய்டு கார்டு இருந்தால் அதை, டிஸ்க்கை அப்படியே காட்டும் எச்பிஏ முறைக்கு மாற்றிவிட வேண்டும்; இசட்எஃப்எஸ் டிஸ்க்கை நேரடியாகப் பார்க்க வேண்டும். மாற்று டிஸ்க் வாங்கும்போது எஸ்எம்ஆர் வகையை (தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று படிய எழுதுவது) தவிருங்கள், நிரப்பும்போது நத்தையாகிவிடும்.

இணையதளம் ஊருக்கே திறந்த வாசல். அதைத் தனி விர்ச்சுவல் மெஷினில் வையுங்கள். 4 ஜிபி ராம் தாராளம். யாராவது உள்ளே புகுந்தாலும் உறுப்பினர்களின் தொலைபேசி எண்கள் பக்கத்து அறையில் கிடக்காது. இதழ்களுக்கு எல்எக்ஸ்சி கன்டெய்னரே (விர்ச்சுவல் மெஷினைவிட இலகுவான தடுப்பறை) போதும். இசட்எஃப்எஸ் கேஷுக்கு 8 ஜிபி ராம் விட்டுவையுங்கள்.

பலர் சறுக்குவது டிஸ்க் மாற்றும்போதுதான். புது டிஸ்க்கைச் சேர்க்கும் 'இசட்பூல் ரீப்ளேஸ்' கட்டளையைக் கொடுத்ததோடு எழுந்துவிடுவார்கள். டேட்டா வந்துவிடும், மெஷினை எழுப்பும் பூட் பகுதி வராது. பின்னொரு நாள் அதன் ஜோடி போனால் மெஷின் எழாமல் போகலாம். முதலில் 'எஸ்ஜிடிஸ்க்' கட்டளையால் நல்ல டிஸ்க்கின் பார்ட்டிஷன் (பிரிவு) அமைப்பைப் புது டிஸ்க்குக்கு நகலெடுங்கள். 'மைனஸ் பெரிய ஆர்' என்பதற்குப் பின்னால் வர வேண்டியது புது டிஸ்க். மாற்றிப் போட்டால் நல்லதன் அமைப்பு அழிந்துவிடும். பிறகு புது டிஸ்க்குக்கு 'மைனஸ் பெரிய ஜி' கொடுத்து அதன் அடையாள எண்களை மாற்றி, அதன் மூன்றாம் பார்ட்டிஷனை வைத்து ரீப்ளேஸ் செய்யுங்கள். இரண்டாவதை, அதாவது பூட் பகுதியை, 'ப்ராக்ஸ்மாக்ஸ் பூட் டூல்' கொண்டு ஃபார்மட், இனிட் செய்ய வேண்டும்.

மிரர் என்பது பேக்கப் அல்ல. தவறி அழித்த கோப்பு இரண்டு டிஸ்க்கிலும் சேர்ந்தே அழியும். இரண்டு யுஎஸ்பி டிஸ்க் வாங்கி, வாரம் ஒன்றாக மாற்றி மாற்றி, ப்ராக்ஸ்மாக்ஸின் பேக்கப் கருவியான 'விஇசட்டம்ப்' கொண்டு பேக்கப் எடுங்கள். ஒன்று எப்போதும் வேறொருவர் வீட்டில் இருக்கட்டும்.

இன்றே செய்ய வேண்டியது: டிஸ்க்குகளின் சீரியல் எண்ணைத் துண்டுச் சீட்டில் எழுதி ஒவ்வொரு டிரேயின் முகப்பிலும் ஒட்டுங்கள். கெட்டதை விட்டு நல்லதைப் பிடுங்குவது அப்படித்தான் தவிரும்.