தட்டச்சுப் பொறிக் கம்பெனி செய்த பிஸ்டல்: ராணுவ உபரி 1911 பற்றிய கேள்வி பதில்

அமெரிக்க ராணுவம் பயன்படுத்தி ஓய்வு கொடுத்த, 1911 என்ற பெயருடைய .45 அங்குலக் குழல் பிஸ்டல்களைச் சேகரிப்பாளர்கள் வாங்குவது பற்றி, அங்கே வாழும் நம்மவர்கள் கேட்டவற்றில் சிலவற்றை எடுத்துக்கொண்டிருக்கிறேன். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் ஒன்றாகச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி (ஹூஸ்டன்): ஐயா, சி.எம்.பி. என்பது அரசாங்கக் கடையா? ராணுவத் துப்பாக்கியை ஏன் பொதுமக்களுக்கு விற்கிறார்கள்?

சி.எம்.பி. (Civilian Marksmanship Program) அரசுக் கடை இல்லை. 1903-இல் அரசு தொடங்கிய குறிசுடும் பயிற்சித் திட்டத்தின் வாரிசு அது. 1996-இல் இலாப நோக்கற்ற தனி அமைப்பாகப் பிரிந்தது. இரண்டாம் உலகப் போர்க்கால எம்1 காரண்ட் ரைஃபிள்களை விற்றுப் பெயர் வாங்கியது. பிஸ்டல் விற்பனை பின்னர்தான் வந்தது.

1911-இல் ராணுவம் ஏற்றுக்கொண்ட ஜான் பிரவுனிங்கின் வடிவமைப்பு, 1985-இல் பெரெட்டா பிஸ்டல் தேர்வாகும்வரை முதன்மைக் கைத்துப்பாக்கியாக இருந்தது. மீந்தவற்றில் ஏறக்குறைய ஒரு லட்சம், அலபாமா மாநிலத்து அனிஸ்டன் கிடங்கில் சும்மா கிடந்தன. சும்மா கிடப்பதற்கும் செலவு உண்டு. ஒன்றுக்கு ஆண்டுக்குச் சுமார் 2 டாலர் ஆகிறது என்று அந்தத் தொகுதியின் காங்கிரஸ் உறுப்பினர் மைக் ராஜர்ஸ் வாதாடினார். 2015 இறுதியில் சட்டம் வழிவிட்டது. 2018 செப்டம்பரில் விண்ணப்பம் வாங்க ஆரம்பித்தார்கள்.

கேள்வி (அட்லாண்டா): பணம் கட்டினால் வீட்டுக்கு வந்துவிடுமா?

வராது. முதல் சுற்றில் தபாலில் மட்டுமே விண்ணப்பம் வாங்கினார்கள். கையிருப்பு 8,000, விண்ணப்பங்களோ அதைப்போல் இருமடங்குக்கும் மேல். கணினி குலுக்கலில் ஒவ்வொருவருக்கும் ஒரு வரிசை எண் விழுந்தது. குடியுரிமைச் சான்று, வயதுச் சான்று, சி.எம்.பி.யோடு இணைந்த சங்கம் ஒன்றில் உறுப்பினர் என்ற சான்று, துப்பாக்கி சுடுவதில் ஈடுபட்டதற்கான சான்று ஆகிய நான்கையும் அப்போது இணைக்க வேண்டியிருந்தது. பின்னணிச் சோதனை இருமுறை நடக்கும். ஒன்று சி.எம்.பி. செய்வது, மற்றொன்று உங்கள் ஊரில் உரிமம் பெற்ற விற்பனையாளர் செய்வது. துப்பாக்கி அவர் கைக்குத்தான் வரும், நீங்கள் போய்க் கையெழுத்திட்டு எடுத்துக்கொள்ள வேண்டும்.

பழம்பொருள் துப்பாக்கிச் சேகரிப்பாளர் உரிமம் என்று ஒன்று இருக்கிறது. மூன்று ஆண்டுக்கு 30 டாலர். அதை வைத்துக்கொண்டு வேறு இடங்களில் ஐம்பது ஆண்டைக் கடந்த துப்பாக்கிகளை நேராக வீட்டுக்கே வரவழைக்கலாம். இந்தப் பிஸ்டலுக்கு அது செல்லாது.

கேள்வி (டல்லாஸ்): நான் ஹெச்1பி விசாவில் இருக்கிறேன்.

அப்படியானால் விண்ணப்பிக்காதீர்கள். அவர்கள் கேட்பது குடியுரிமை. அதற்கு அப்பால், குடியேற்றமில்லா விசாவில் உள்ளவர்கள் துப்பாக்கி வைத்திருப்பதையே மத்தியச் சட்டம் பொதுவாகத் தடுக்கிறது. வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் உண்டு. ஒரு பழைய இரும்புக்காக விசாவைப் பணயம் வைப்பது அறிவுடைமை ஆகாது.

கேள்வி (சான் ஹோசே): சர்வீஸ், ஃபீல்டு, ரேக் என்று மூன்று தரம் போட்டிருக்கிறார்களே, எதை எடுப்பது?

முதல் சுற்றில் முறையே 1,050, 950, 850 டாலர். விலையும் விதியும் சுற்றுக்குச் சுற்று மாறும், அன்றைய அறிவிப்பையே பாருங்கள். சர்வீஸிலும் சிறு தேய்மானமும் அரிப்புப் புள்ளிகளும் இருக்கும். ஃபீல்டில் கொஞ்சம் துருவும் சேரும். ரேக் வேலை செய்யும், ஆனால் கைப்பிடித் தகடு விரிசல் விட்டிருக்கலாம், சிறு பழுதுபார்ப்பு தேவைப்படும். தரம் என்பது தோற்றத்துக்கும் நிலைக்கும் தரப்படுவது, வரலாற்று மதிப்புக்கு அல்ல. யார் செய்தது, எந்த ஆண்டு என்று நீங்கள் கேட்டு வாங்க முடியாது. நான் சொல்வது: சுடத்தான் ஆசை என்றால் சர்வீஸ். வரலாற்றைப் படிக்க ஆசை என்றால் ரேக்கைக் கண்டு அஞ்ச வேண்டாம்.

கேள்வி (சிகாகோ): என்னுடையதில் ஃபிரேம் கோல்ட், ஸ்லைடு ரெமிங்டன் ராண்ட், குழல் வேறு யாரோ. ஏமாற்றிவிட்டார்களா?

இந்தக் கேள்விதான் அதிகம் வந்தது. இல்லை ஐயா, உங்களுக்குக் கிடைத்திருப்பது சரியான ராணுவத் துப்பாக்கி. (ஃபிரேம் என்பது கைப்பிடியோடு சேர்ந்த உடற்பகுதி, ஸ்லைடு அதன்மேல் முன்பின் ஓடும் பகுதி.)

இரண்டாம் உலகப் போரில் கோல்ட் கம்பெனி ஒன்றினால் தேவையைச் சமாளிக்க முடியவில்லை. எனவே பலரிடம் ஒப்பந்தம் போனது. அதிகமாகச் செய்து குவித்தது ரெமிங்டன் ராண்ட், எட்டரை லட்சத்துக்கும் மேல். ஆம், நம் ஊர்த் தட்டச்சுப் பயிற்சி நிலையங்களில் விரல் வலிக்க அடித்துப் பழகினோமே, அதே ரெமிங்டன்தான். ரெமிங்டன் துப்பாக்கிக் கம்பெனி வேறு. இத்தாகா மூன்று லட்சத்துக்கும் மேல் செய்தது. ரயில்வே சிக்னல் செய்துகொண்டிருந்த யூனியன் ஸ்விட்ச் அண்ட் சிக்னல் சுமார் 55,000. யார் செய்த பாகமும் யார் செய்த ஃபிரேமிலும் உட்கார வேண்டும் என்பது ராணுவத்தின் நிபந்தனை.

1945-க்குப் பிறகு ராணுவம் புதிய 1911 பிஸ்டலுக்கு ஒப்பந்தமே போடவில்லை. கொரியாவுக்கும் வியட்நாமுக்கும் போனவை அதே பழையவைதான். இடையிடையே ஆயுதக் கிடங்குகளில் பிரித்து, கழுவி, தேறாத பாகத்தை ஒதுக்கி, பெட்டியில் கைக்கு வந்த நல்ல பாகத்தைப் போட்டு மூட்டினார்கள். எந்த ஸ்லைடு எந்த ஃபிரேமோடு பிறந்தது என்று அங்கே யாரும் ஜாதகம் பார்க்கவில்லை. வரிசை எண் பொதுவாக ஃபிரேமில்தான் இருப்பதால் அதை வைத்துத்தான் ஆண்டைக் கணிக்க முடியும். ஃபிரேமில் ஆர்.ஐ.ஏ. என்ற முத்திரை இருந்தால் ராக் ஐலண்டிலும், எஸ்.ஏ. என்றால் ஸ்பிரிங்ஃபீல்டிலும், ஏ.ஏ. என்றால் அகஸ்டாவிலும் மறுசீரமைத்தது. ஸ்லைடில் 7790314 என்ற எண் கண்டால் அது போருக்குப் பின் வந்த மாற்றுப் பாகம்.

அதனால் இப்போது கடை கடையாக அலைந்து ‘பொருத்தமான’ ஸ்லைடு வாங்கி மாட்டாதீர்கள். பலர் செய்கிறார்கள், பார்வைக்கு அழகாகவும் இருக்கிறது. ஆனால் கிடங்குக்காரர் செய்த வேலையை அழித்து, 1943-இல் இப்படி இருந்திருக்கும் என்ற உங்கள் ஊகத்தை அந்த இடத்தில் வைக்கிறீர்கள். விற்கும்போது அதைச் சொல்லாமல் விட்டால் அது மோசடி.

கேள்வி (டிட்ராய்ட்): தனியார் ஒருவர் சிங்கர் கம்பெனி முத்திரையிட்ட 1911ஏ1 தருவதாகச் சொல்கிறார். வாங்கலாமா?

1911ஏ1 என்பது 1911-இன் சற்றுத் திருத்திய வடிவம். தையல் இயந்திரச் சிங்கரேதான், செய்தது 500 மட்டும். வரிசை எண் எஸ்800001 முதல் எஸ்800500 வரை. ஃபிரேமில் அரசுப் பரிசோதகர் ஜான் கிளெமென்டின் ஜே.கே.சி. முத்திரை இருக்க வேண்டும். ஏலத்தில் லட்சக்கணக்கான டாலருக்குப் போகும் பொருள் என்பதால், சாதாரண ஸ்லைடில் சிங்கர் பெயரைப் பொறிக்கும் கைகாரர்களுக்குப் பஞ்சமில்லை. வரிசை எண்ணும் பரிசோதகர் முத்திரையும் ஒன்றுக்கொன்று ஒத்துவராவிட்டால் எழுந்து வந்துவிடுங்கள். ஒத்துவந்தாலும் தேர்ந்த ஒருவர் கையில் எடுத்துப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

கேள்வி (நியூ ஜெர்சி): சாம்பல் நிறம் திட்டுத் திட்டாக இருக்கிறது. புதிதாக நீலப் பூச்சு போடலாமா?

கூடாது. முதல் உலகப் போர்க்காலத்தவை நீலம். இரண்டாம் போர்க்காலத்தில் பார்க்கரைசிங் எனும் பாஸ்பேட் பூச்சு வந்தது. சாம்பலாகவோ லேசான பச்சையாகவோ தெரியும். புதுப் பூச்சுக்காக உலோகத்தைத் தேய்க்கும்போது முத்திரைகளின் விளிம்பும் தேய்ந்துபோகும், பிறகு அவை திரும்பி வராது. துருவுக்கு எண்ணெயும் மெல்லிய துணியும் பொறுமையும் போதும்.

கேள்வி (ஃபீனிக்ஸ்): சுடலாமா? என்ன தோட்டா?

சுடலாம். முதலில் பழுதுபார்ப்பவர் ஒருவரிடம் காட்டுங்கள். பின்னுதைப்பைத் தாங்கும் ஸ்பிரிங்கை மாற்றுங்கள். 16 பவுண்டு ஸ்பிரிங் என்று கேட்டால் கொடுப்பார்கள். பழையதைத் தூக்கிப் போடாமல் தனியே வையுங்கள். தோட்டா சிக்கினால் துப்பாக்கியைத் திட்டுமுன் மேகசினை (தோட்டா அடுக்கும் பெட்டியை) மாற்றிப் பாருங்கள், பெரும்பாலும் குற்றவாளி அதுதான். 230 கிரெய்ன் எடையில், குண்டு முழுதும் உலோக உறையிட்ட தோட்டாவுக்காக வடித்த துப்பாக்கி இது, அதையே கொடுங்கள். கூடுதல் அழுத்தத் தோட்டா வேண்டாம்.

போர்க்காலத் தோட்டா மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கினால் ஒன்றை நினைவில் வையுங்கள். 1950-களின் தொடக்கம்வரை அவற்றின் பிரைமரில் (மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடியில்) துருவேற்றும் உப்பு இருந்தது. எண்ணெய் அந்த உப்பைக் கரைக்காது. சுட்ட அன்றே குழலை நீரால் கழுவி, உலர்த்தி, அதன்பிறகு எண்ணெய் போடுங்கள். மேலும், கீழே விழும்போது சுடும் ஊசியைத் தடுக்கும் பூட்டு இந்தப் பழைய வடிவமைப்பில் இல்லை. இடுப்பில் செருகிக்கொண்டு திரிவதற்கு இது வேண்டாம்.

கேள்வி (சியாட்டில்): 1911 கிடைக்காவிட்டால் வேறு ராணுவ உபரி?

கிழக்கு ஐரோப்பாவிலிருந்து டோக்கரேவ், பல்கேரிய மக்கரோவ், செக் சிஇசட்82, போலந்தின் பி-64 ஆகிய பிஸ்டல்கள் வந்திருக்கின்றன. இறக்குமதியாளரின் முத்திரை உடம்பில் குத்தப்பட்டிருக்கும். அது சேகரிப்பாளர் மதிப்பைக் குறைக்கும். டோக்கரேவுக்குப் பிறவியில் பாதுகாப்புத் தாழ் கிடையாது, இறக்குமதி விதிக்காகப் பின்னர் சேர்த்தது. சிலவற்றில் அந்த வேலை பார்க்கச் சகிக்காது. எனக்குச் சிஇசட்82 பிடிக்கும், கையில் நன்றாக அமர்கிறது.

கேள்வி (பெயர் வேண்டாம் என்கிறார்): ஊருக்குத் திரும்பும்போது சென்னைக்குக் கொண்டுபோகலாமா?

அமெரிக்க ஏற்றுமதி அனுமதி, இந்திய இறக்குமதி அனுமதி, இந்திய ஆயுதச் சட்டப்படி உரிமம் ஆகிய மூன்றும் கையில் இல்லாமல் பெட்டியில் வைத்தால் விமான நிலையத்திலேயே வழக்கு. திரும்புவது உறுதி என்றால், புறப்படுவதற்கு முன் உரிமம் பெற்ற விற்பனையாளர் மூலம் விற்றுவிடுங்கள். சி.எம்.பி. அனுப்பிய ரசீதையும் தாள்களையும் சேர்த்தே கொடுங்கள். அவை இருந்தால் நல்ல விலை கிடைக்கும்.