அவுட்லையரைக் கண்டதும் நீக்கிவிடலாமா? தனிநிலைப் பரவலுக்கும் அதற்கும் என்ன தொடர்பு?

பாக்ஸ் பிளாட்டில் (தரவு எப்படிப் பரவியிருக்கிறது என்று பெட்டியாகக் காட்டும் வரைபடம்) ஒன்றரை மடங்கு விதிப்படி எல்லைக்கு வெளியே விழும் எண்ணை, அதாவது அவுட்லையரை, நீக்கிவிட்டு அசைன்மென்ட் எழுதலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அவசரப்பட வேண்டாம்.

நான் கிருஷ்ணகிரிக்காரன். கல்லூரி விடுமுறைகளில் மாமாவின் மாங்காய் மண்டியில் கணக்கு எழுதியவன். எடைச் சீட்டில் 21, 22, 20 கிலோ என்று போகும் வரிசையில் திடீரென்று 210 வந்தால் அது பூச்சியம் கூடிய எழுத்துப் பிழை. திருத்திவிடலாம், விவாதமே இல்லை.

எண்ணிக்கைகளில்தான் வில்லங்கம். 0, 1, 2 என்று முழு எண்ணாக மட்டும் வரும் இவற்றில் எது எத்தனை வாய்ப்போடு வரும் என்று சொல்வதுதான் தனிநிலைப் பரவல். ஒரு சீசனில், பெட்டிக்கு 20 வீதம் வைக்கோலில் அடுக்கிய மல்கோவா 60 பெட்டிகளைப் பிரித்தோம். பெரும்பாலானவற்றில் அழுகல் இல்லை, அல்லது ஒன்று. ஒரே ஒரு பெட்டியில் நான்கு. மாமா ஒரு பழத்தை உருட்டிப் பார்த்தார். காம்படியில் கறுப்பு, விரல் பட்ட இடம் அமுங்கியது. இந்தத் தோட்டத்துச் சரக்கே இனி வேண்டாம் என்று பெட்டியில் சாக்பீஸால் குறி போட்டுவிட்டார்.

நான் சீட்டின் பின்பக்கத்தில் ஈருறுப்புப் பரவலைப் போட்டுப் பார்த்தேன். ஒவ்வொரு பழமும் அழுகும் அல்லது அழுகாது என்றால், பெட்டியில் எத்தனை அழுகும் என்பதற்கான தனிநிலைப் பரவல் அது. எங்கள் மண்டி அனுபவத்தில் நூற்றுக்கு ஐந்து பழம் அழுகும். அப்படியானால் 20 பழப் பெட்டியில் அழுகலே இல்லாதிருக்க வாய்ப்பு 36 சதவீதம். ஒன்றுக்கு 38, இரண்டுக்கு 19, மூன்றுக்கு 6. நான்கோ அதற்கு மேலோ வர 1.6 சதவீதம்தான். ஒரு பெட்டியை மட்டும் பிரித்திருந்தால் மாமாவின் சந்தேகம் நியாயம். ஆனால் பிரித்தது 60. அவற்றில் ஒன்றிலாவது இப்படி வர வாய்ப்பு 60 சதவீதத்துக்கும் மேல். (ஒரு பழத்தின் அழுகல் அடுத்ததைத் தொடாது என்று வைத்துப் போட்ட கணக்கு இது. உண்மையில் தொடும், அதனால் வாய்ப்பு இன்னும் கூடும்.) உன் கணக்கு பழத்தை முகர்ந்து பார்க்குமா என்று கேட்டார் மாமா. குறியை அழிக்கவில்லை.

பாடப்புத்தக உதாரணம் வேண்டுமென்றால் 1898இல் புள்ளியியலாளர் போர்ட்கீவிச் வெளியிட்ட கணக்கு இருக்கிறது. பிரஷ்ய ராணுவத்தில் குதிரை உதைத்து இறந்தவர்களின் எண்ணிக்கை: 10 படைப்பிரிவுகள், 20 ஆண்டுகள், ஆக 200 பதிவுகள். 109 பதிவுகளில் சாவே இல்லை. 65இல் ஒன்று, 22இல் இரண்டு, மூன்றில் மூன்று, ஒன்றில் நான்கு. கால்மானங்கள் (பதிவுகளை வரிசைப்படுத்தினால் கால் பங்கிலும் முக்கால் பங்கிலும் நிற்கும் எண்கள்) 0, 1. நீங்கள் பயன்படுத்திய ஒன்றரை மடங்கு விதிப்படி, இரண்டுக்கும் உள்ள இடைவெளியின் ஒன்றரை மடங்கை மேல் கால்மானத்தோடு கூட்டினால் எல்லை 2.5. ஆகவே மூன்றும் நான்கும் வந்த நான்கு பதிவுகளும் அவுட்லையர்!

சராசரி 0.61ஐ வைத்துப் பாய்சான் பரவலை (அரிதாக நடப்பவற்றின் எண்ணிக்கைக்கான தனிநிலைப் பரவல்) கேட்டால், மூன்றோ அதற்கு மேலோ சுமார் ஐந்து பதிவுகளில் வரும் என்கிறது. வந்திருப்பது நான்கு. இதில் எது விசித்திரம்? இரு பக்கமும் சமமாகச் சரியும் மணி வடிவத் தரவுக்குத்தான் அந்த ஒன்றரை மடங்கு பொருந்தும். எண்ணிக்கை பூச்சியத்துக்குக் கீழே இறங்காது. வால் வலப்பக்கம் மட்டும் நீளும். அந்த நான்கையும் நீக்கிப் பாருங்கள், சராசரி 0.56 ஆகிவிடும். குதிரைகள் அத்தனை சாது இல்லை.

உங்கள் தரவில் இருப்பது அளவா, எண்ணிக்கையா என்று கேள்வியில் சேர்த்து எழுதுங்கள். எண்ணிக்கை என்றால் எந்தப் பரவலைப் பொருத்துவது என்று பார்த்துச் சொல்கிறேன்.