லோடு வண்டிக்குக் காற்று எவ்வளவு?

கேள்வி: கேத்தியிலிருந்து கேரட் மூட்டை ஏற்றி மேட்டுப்பாளையம் மண்டிக்குப் போகிறது என் பிக்அப். திரும்பும்போது காலி. பின் டயரில் எப்போதும் 60 பி.எஸ்.ஐ. வைக்கிறேன். டயரின் நடுப் பட்டன் (ரோட்டில் படும் மேடு) மட்டும் தேய்கிறது, ஏன்?
– வாசகர், நீலகிரி

பதில்: காலி வண்டிக்கு அந்தக் காற்று அதிகம். டயர் நடுவில் புடைத்து, நடுப்பகுதி மட்டுமே ரோட்டில் படுகிறது. தேய்மானத்தைவிட எங்களுக்குக் கவலை, மழையில் கொண்டை ஊசி வளைவில் பின்பக்கம் வழுக்குவதுதான்.

ஓட்டுநர் கதவுச் சட்டத்து ஸ்டிக்கரிலோ கையேட்டிலோ லோடுக்கும் காலிக்கும் தனித்தனி அளவு இருக்கும். அதையே வையுங்கள். டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருப்பது உச்ச வரம்பு. தொடர்ந்து சில நாள் காலியாக ஓடினால் மட்டும் குறையுங்கள். மறுபடி மூட்டை ஏற்றும் முன் நிரப்பியே ஆகவேண்டும். லோடில் காற்று குறைந்தால் பக்கச்சுவர் மடங்கி மடங்கிச் சூடேறி வெடிக்கும்.

காலையில், வண்டி எடுக்கும் முன் காற்றை அளவிடுங்கள். ஊட்டி 2,240 மீட்டர் உயரம். கீழே மேட்டுப்பாளையத்தில் வெளிக் காற்றழுத்தம் கூடுவதால் காற்று அளக்கும் கேஜில் சுமார் 3 பி.எஸ்.ஐ. குறையும், 15 டிகிரி வெப்பம் கூடினால் அதே அளவு ஏறிவிடும். இறங்கி வந்த டயர் பிரேக் சூட்டில் இன்னும் கூடுதலாகக் காட்டும். அப்போது காற்றைப் பிடுங்காதீர்கள்.

டயரின் குறுக்கே சாக்பீஸ் கோடு போட்டு, சமதளத்தில் கொஞ்ச தூரம் நேராக ஓட்டிப் பாருங்கள். நடுவில் மட்டும் அழிந்தால் காற்று அதிகம், ஓரங்களில் அழிந்தால் குறைவு.