அடுப்பை ஒரே நாள்ல அணைக்கலாமா?

கேள்வி: அக்கா, எனக்கு 36 வயசு, ஊரு திருநெல்வேலி. சமைக்காத உணவு சாப்பிட்டா வெயிட் குறையும், மலச்சிக்கல் போகும்னு வீடியோ பாத்துட்டு போன மாசம் சோறு, இட்லி, காபி எல்லாத்தையும் ஒரே நாள்ல விட்டுட்டு பழம், தேங்கா, முளைகட்டின பயறுன்னு இறங்கிட்டேன். நாலே நாள். வயிறு கல்லு மாதிரி உப்பிடுச்சு, தலைவலி தாங்க முடியல, அஞ்சாம் நாள் மாமியார் ரசம்சாதம் பிசைஞ்சு குடுத்ததும் அழுதே போயிட்டேன். மறுபடி ஆரம்பிக்கணும்னு ஆசை. எங்க தப்பு பண்ணேன்?

பதில்: வேகம்தான்மா தப்பு. இத்தன வருஷமா வெந்த சோத்துக்கு பழகின குடலுக்கு திடீர்னு அவ்ளோ நார்ச்சத்து போனா அங்க இருக்கற கிருமிங்க அத நொதிக்க வெச்சு கேஸ் ஆக்கிடும், அதான் அந்த உப்புசம். தலைவலிக்கு நான் முதல்ல சந்தேகப்படறது காபிய. தினம் குடிச்சவங்க சட்டுனு நிறுத்தினா ரெண்டு மூணு நாள் மண்டைய பொளக்கத்தான் செய்யும், பாவம் பழத்து மேல பழி விழுந்திருக்கு.

இந்த தடவ சாயங்காலம் 4 மணியில இருந்து தொடங்குங்க. பஜ்ஜி, பிஸ்கட் சாப்பிடற நேரத்துல ஒரு கொய்யாவோ ரெண்டு வாழைப்பழமோ, வேற எதையும் மாத்தாதீங்க. ரெண்டு வாரம் போனதும் மதியம் சோத்துக்கு முன்னாடி ஒரு கிண்ணம் பச்சடி. நம்ம வீட்ல ராமநவமிக்கு பண்ற வடைப்பருப்பு தெரியும்ல, அதேதான்: ஒரு கைப்பிடி பாசிப்பருப்ப ஒரு மணி நேரம் ஊற வெச்சு, நகத்தால கிள்ளினா துண்டாகற பதம் வந்ததும் தண்ணிய வடிச்சு, பொடிசா நறுக்கின வெள்ளரிக்கா, துருவின மாங்கா, தேங்கா, பச்சமிளகா, எலுமிச்சம்பழம் பிழிஞ்சு கலந்துடுங்க, உப்ப மட்டும் சாப்பிடறப்ப போடுங்க, முன்னாடியே போட்டா தண்ணி விட்டுக்கும். அத மென்னு முடிக்கவே பத்து நிமிஷம் ஆகும், சோறு தானா பாதியா குறையும். வயிறு பழகினப்பறம் காலை சாப்பாட்ட மாத்தலாம், ஊறவெச்ச அவல், தேங்காப்பூ, பழம்னு. (அவலும் நெல்ல ஊறவெச்சு சூடு காட்டி இடிக்கறதுதான், முழுப் பச்சை கிடையாது, ஆனா ஆரம்பிக்கறவங்களுக்கு அது நல்ல பாலம்.) ராத்திரி சாப்பாடு வெந்ததாவே இருக்கட்டும். நான் அங்கயே நின்னுட்டேன், பல வருஷமாச்சு, அதுக்கு மேல போகணும்னு தோணவே இல்ல.

முளைகட்டின பயற மட்டும் பச்சையா அள்ளி சாப்பிடாதீங்க. ஈரமும் கதகதப்பும் பயறுக்கு எவ்ளோ பிடிக்குமோ அவ்ளோ கிருமிக்கும் பிடிக்கும். 2011ல ஜெர்மனில ஈ-கோலை கிருமி பரவி 50 பேருக்கு மேல செத்தாங்க, தேடிப் பாத்தா காரணம் முளைகட்டின வெந்தயம். இட்லி பானையில நல்லா ஆவி காட்டிட்டு சாப்பிடுங்க. அதே மாதிரி ராஜ்மா, மரவள்ளிக்கிழங்கு ரெண்டையும் வேக வைக்காம வாயில வைக்கவே கூடாது, பச்சையில நச்சு இருக்கு. முட்டகோஸ், காலிஃபிளவர்ல நாடாப்புழு முட்ட இருக்கலாம், அதனால அதுங்களயும் வேக வெச்சே சாப்பிடுங்க. தக்காளி, கேரட்டுக்கு கொஞ்சம் சூடும் எண்ணெயும் பட்டாதான் அதுல இருக்கற சத்து உடம்புல நல்லா சேரும், அதனால சமைச்சா எல்லாச் சத்தும் போயிடும்னு யாராவது சொன்னா நம்பாதீங்க.

கேள்வி: எனக்கு 58 வயசு, சுகர் மாத்திரை போடறேன். நானும் மாறலாமா?

பதில்: சோற குறைச்சு மாத்திரைய அதே அளவுல போட்டா சுகர் கிடுகிடுன்னு இறங்கி மயக்கம் வந்துடும் சார், சில மாத்திரைங்களுக்கும் இன்சுலினுக்கும் இது ரொம்பவே பொருந்தும். டாக்டர் கிட்ட முதல்லயே சொல்லிட்டு மாத்துங்க. பழத்துல ஆரம்பிக்காதீங்க, வெள்ளரி, வெண்பூசணின்னு காயில ஆரம்பிங்க. கிட்னி பிரச்சனையும் இருந்தா இளநீர், பழம் எல்லாம் டாக்டர் சொல்ற அளவுதான், பொட்டாசியம் ஏறும்.

கேள்வி: அக்கா, என் பொண்ணுக்கு 20 வயசு. ஆறு மாசமா முழுக்க பச்சையாவே சாப்பிடறா, ரொம்ப மெலிஞ்சுட்டா, மூணு மாசமா பீரியட்ஸ் வரல. கேட்டா "உடம்பு சுத்தமாகுதும்மா"ங்கறா. பயமா இருக்கு.

பதில்: உங்க பயம் சரியான பயம்மா. பீரியட்ஸ் நிக்கறத சுத்தம்னு எடுத்துக்கக் கூடாது, உடம்புக்கு சக்தி பத்தலன்னு அர்த்தமா இருக்கலாம். 1999ல ஜெர்மனில 500 பேருக்கு மேல வெச்சு ஒரு ஆய்வு வந்துச்சு, பெரும்பாலும் பச்சையாவே சாப்பிடறவங்க அவங்க, அதுல 45 வயசுக்கு கீழ உள்ள பொண்ணுங்கள்ல சுமார் 30 சதவீதம் பேருக்கு பீரியட்ஸ் தவறியோ முழுசா நின்னோ போயிருக்கு. பச்சைக் காய்கறிய வயிறு முட்ட சாப்பிட்டாலும் கலோரி ஏறாது, அதான் விஷயம். இப்படியே விட்டா எலும்பும் பலமிழக்கும்.

இந்த வாரமே மகளிர் டாக்டர் கிட்ட கூட்டிட்டுப் போங்க, ரத்தத்துல ஹீமோகுளோபின், தைராய்டு, பி12 பாக்க சொல்லுங்க. பி12 காய், பழம் எதுலயும் கிடையாது, பால் முட்ட தொடாத பிள்ளைக்கு மாத்திரையாத்தான் குடுக்கணும். அவகிட்ட சண்ட போடாதீங்க, அவ சாலட்ட பிடுங்காதீங்க. பக்கத்துலயே ஒரு கிண்ணம் பருப்பு சாதம் நெய் விட்டு வெச்சுட்டு கூட உக்காந்து நீங்களும் சாப்பிடுங்க. ரிப்போர்ட் வந்ததும் எனக்கு எழுதுங்கம்மா, காத்துட்டு இருப்பேன்.