டிஜிட்டல் வந்தாச்சு, டப்பா எதற்கு?

கேள்வி: பழைய படங்கள் எல்லாமே இணையத்தில் இருக்கின்றன. அப்புறமும் ஃபிலிம் சுருள்களை ஏசி அறையில் வைத்துக் காவல் காப்பது தண்டச் செலவு இல்லையா?

பதில்: ‘எல்லாமே’ என்கிறீர்களே, அங்கேதான் இடிக்கிறது. தமிழின் முதல் பேசும் படம் ‘காளிதாஸ்’ (1931). ஒரு பிரதிகூடக் கிடைக்கவில்லை.

சரி, கைவசம் உள்ள படங்களுக்கு வருவோம். அபு என்பவனின் கதையைச் சொல்லும் சத்யஜித் ராயின் மூன்று படங்களின் நெகட்டிவும் (பிரதிகள் எடுக்க உதவும் மூலச் சுருள்) 1993இல் லண்டன் லேப் ஒன்றில் நடந்த தீ விபத்தில் கருகின. அன்றைக்கு இருந்த வசதியில் அவற்றை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. ஆனாலும் ஆஸ்கர் விருது தரும் அமெரிக்க அகாடமியின் காப்பகம் அவற்றைக் கழித்துக்கட்டாமல் வைத்திருந்தது. இருபது வருடம் கழித்து, இத்தாலியின் பொலோன்யாவில் விறைத்துப்போன சுருளுக்கு ஈரப்பதம் ஏற்றி இளக்கினார்கள். கிழிந்த ஓரத் துளைகளைக் கையாலேயே ஒட்டுப்போட்டார்கள். ‘பதேர் பாஞ்சாலி’யில் 40 சதவீதம், ‘அபராஜிதோ’வில் 60 சதவீதத்துக்கும் மேல் அந்தக் கருகிய நெகட்டிவிலிருந்தே மீண்டது. மூன்றாவது படத்துக்கு மட்டும் கொடுத்துவைக்கவில்லை. அதை வேறு பிரதிகளிலிருந்துதான் எடுக்க வேண்டியிருந்தது. 1993இல் யாராவது ‘குப்பை’ என்று முடிவு கட்டியிருந்தால்?

கேள்வி: காப்பகங்கள் பூட்டி வைத்துக்கொண்டால் ரசிகனுக்கு என்ன லாபம்?

பதில்: நியாயமான கோபம். பூட்டி வைப்பதில் படத்துக்கும் லாபமில்லை என்பது என் கட்சி. கிம் கி-யங் இயக்கிய கொரியப் படம் ‘தி ஹவுஸ்மெய்ட்’ (1960). அதன் நெகட்டிவில் இரண்டு ரீல்களைக் காணோம். 1990இல் ஒரு பழைய பிரதி கிடைத்தது. அதில் ஆங்கில சப்டைட்டில்களைக் கையால் எழுதியிருந்தார்கள். திரையில் பெரும் இடத்தை அடைத்துக்கொண்டிருந்த அந்த எழுத்துகளை கம்ப்யூட்டரில் அழித்துத்தான் 2008இல் படத்தை முழுசாக்கினார்கள். அழிப்பதற்குள் போதும் போதும் என்றாகியிருக்கும்! ஆனால், மொழி தெரியாதவர்களுக்கும் காட்ட வேண்டும் என்று யாரோ நினைத்ததால்தான் அந்தப் பிரதியே உண்டானது. கம்போடியாவில் இயக்குநர் ரித்தி பான் 2006இல் தொடங்கிய போபனா மையம் என்ற காப்பகத்தில் யார் வேண்டுமானாலும் போய் உட்கார்ந்து படங்களை இலவசமாகப் பார்க்கலாம். காப்பகம் என்றால் அப்படி இருக்க வேண்டும்.

கேள்வி: தாத்தா விட்டுப்போன ஃபிலிம் டப்பாக்கள் பரணில் கிடக்கின்றன. போட்டுப் பார்க்கலாமா?

பதில்: வேண்டாம். 1950களின் தொடக்கத்துக்கு முந்தையது என்றால் எளிதில் தீப்பிடிக்கும் நைட்ரேட் ஃபிலிமாக இருக்கலாம். பற்றிக்கொண்டால் தண்ணீர் ஊற்றினாலும் அணையாது. பிந்தையது என்றால் மோந்து பாருங்கள். வினிகர் வாடை வந்தால் அந்த டப்பாவைத் தனியே வையுங்கள், பக்கத்துச் சுருளையும் கெடுத்துவிடும். டப்பா மேல் ஒட்டிய சீட்டைக் கிழிக்காமல், புனேயில் உள்ள தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்துக்கு எழுதுங்கள்.