பேசும் லெப்டொப்பா, மரக்கட்டையா?

கேள்வி: மகளுக்கு மூணு வயசு முடியப் போகுது. ஹட்டன்ல ஒரு கடையில பிள்ளைகள் லெப்டொப் ஒண்ணு பார்த்தேன். அமத்தினா ஏ, பி, சி சொல்லுது, பாட்டுப் பாடுது. விலை 4,800 ரூபாய். கொழும்புல வேலை செய்ற வீட்டுக்காரர், "பிள்ளை இப்பவே இங்கிலீஷ் பழகட்டும், வாங்கு" என்கிறார். வாங்கலாமா?
– தலவாக்கலை வாசகி

பதில்: வேண்டாம். அந்தக் காசில் இதைவிட நல்ல சாமான் வாங்கி, மிச்சமும் பிடிக்கலாம்.

அந்தப் பெட்டியில் பிள்ளைக்கு இருக்கும் ஒரே வேலை பொத்தானை அமத்துவது. மற்றதையெல்லாம் பெட்டியே செய்துவிடும். 26 எழுத்தும் நாலைந்து பாட்டும் தீர்ந்தால் அதனிடம் வேறு சரக்கு இல்லை. 2016இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு ஒன்றில், 10 முதல் 16 மாதம் வரையான குழந்தைகளையும் பெற்றோரையும், மொத்தம் 26 சோடிகளை, விளையாடும்போது ஒலிப்பதிவு செய்து கேட்டார்கள். சத்தம் போடும் மின்பொம்மை கையில் இருந்தபோது பெற்றோர் பேசிய சொற்கள் குறைந்தன. படப் புத்தகம் இருந்தபோதுதான் பேச்சு அதிகம். உங்கள் மகள் அந்தக் குழந்தைகளைவிடப் பெரியவள்தான். ஆனாலும் பொம்மை வாயைத் திறந்தால் வீட்டில் உள்ளவர்கள் வாயை மூடிக்கொள்வது எந்த வயதிலும் நடக்கக்கூடியதுதான். வீட்டுக்காரருக்கு இங்கிலீஷ்தான் முக்கியம் என்றால், தமிழும் ஆங்கிலமும் சேர்ந்த படப் புத்தகம் ஒன்று வாங்குங்கள். அவர் லீவில் வரும்போது மடியில் வைத்து வாசிக்கட்டும்.

நான் முதலில் சொல்வது கட்டைகள். வண்ணம் பூசாத வெறும் மரக்கட்டை. கடையில் விலை கூடுதலாக இருந்தால் பக்கத்து மரப்பட்டறையில் துண்டுப் பலகை கேளுங்கள். ஒன்றரை அங்குலத் தடிப்பு, மூன்று அங்குல அகலம், ஆறு அங்குல நீளம் என்று இருபது கட்டை, அதில் பாதி நீளத்தில் இன்னும் பத்து வெட்டித் தரச் சொல்லுங்கள். அளவில் கண்டிப்பாக இருங்கள். அகலம் தடிப்பின் இரட்டிப்பு, நீளம் அகலத்தின் இரட்டிப்பு. அப்படி இருந்தால்தான் இரண்டு சின்னக் கட்டை சேர்ந்து ஒரு பெரிய கட்டைக்குச் சமம் என்பதை யாரும் சொல்லிக்கொடுக்காமலே பிள்ளை கண்டுபிடிப்பாள். மூலைகளைச் சேண்ட் பேப்பரால் நன்றாகத் தேய்த்து, ஈரத்துணியால் துடைத்து, காயவிட்டுக் கொடுங்கள். வார்னிஷ் எதுவும் வேண்டாம். இன்று அது ரயில், நாளைக்குக் கோயில், மறுநாள் தம்பியைத் தூங்கவைக்கும் கட்டில். ஐந்து வயதில் முதலாம் தரத்துக்குப் போன பிறகும் அதை விடமாட்டாள்.

கேள்வி: லயத்து வீடு. ஒரு காம்பரா, ஒரு குசினி, முன்னால இஸ்தோப்பு. கொழுந்து எடுத்துட்டு வந்தா கால் வைக்க இடமில்லாம சாமான் கிடக்கும். இருந்தும், விளையாட ஒண்ணும் இல்லைன்னு பிள்ளை அழுவுறான். எப்படி அடுக்குறது? மழைக்காலத்துல பூசணமும் பிடிக்குது.
– மஸ்கெலியா வாசகி

பதில்: சாமான் கூடியதால்தான் அழுகிறான். அமெரிக்காவின் டொலிடோ பல்கலைக்கழகத்தில் ஒன்றரை முதல் இரண்டரை வயது வரையான 36 பிள்ளைகளை, ஒரு தடவை 4 பொம்மைகளோடும் இன்னொரு தடவை 16 பொம்மைகளோடும் விட்டுப் பார்த்தார்கள். நாலு பொம்மை இருந்தபோது ஒவ்வொன்றிலும் கூடுதல் நேரம் நின்று, கூடுதல் விதமாக விளையாடினார்கள். அந்தச் சோதனைக்குத் தேவைப்பட்ட நாலு பொம்மைக்கு உங்கள் காம்பராவில் தாராளமாக இடம் இருக்கிறது.

இருப்பதையெல்லாம் கொட்டுங்கள். உடைந்தது, கூரானது, பாதி துண்டு தொலைந்த பசல் எல்லாம் வெளியே போகட்டும். மிச்சத்தை மூன்று பங்காக்குங்கள். ஒரு பங்கு மட்டும் கீழே, பிள்ளையின் கைக்கு எட்டுகிற இடத்தில். மற்ற இரண்டும் துணிப்பையில் கட்டி, உயரத்தில் ஆணியில் தொங்கட்டும். ஒன்றிரண்டு கிழமைக்கு ஒரு முறை, அவன் தூங்கிய பிறகு மாற்றுங்கள். பழைய சாமானைப் புதுசாகப் பார்க்கும் அவன் முகத்துக்காகவே இதைச் செய்யலாம்.

கீழே வைக்கும் பங்கை ஒரே கூடையில் கொட்டிவைக்க வேண்டாம். பார்க்க நேர்த்திதான். ஆனால் அடியில் கிடப்பதை எடுக்க முழுவதையும் கவிழ்ப்பான், நீங்கள் கால் வைக்க இடமில்லாமல் போவது அதனால்தான். கட்டைக்கு ஒரு பிஸ்கட் டின், கிரேயோனுக்கு ஒரு யோகட் கப், காருக்கு ஒரு செருப்புப் பெட்டி. ஒவ்வொன்றின் மேலும் உள்ளே இருப்பதன் படத்தை ஒட்டினால், எழுத்துத் தெரியாதவனும் திருப்பி வைப்பான். எல்லா நாளும் வைக்கமாட்டான், அதையும் சொல்லிவிடுகிறேன்.

பூசணத்துக்கு வருகிறேன். மே மாதக் கடைசியில் தென்மேற்குப் பருவமழை பிடித்தால் செப்டம்பர் வரை உங்கள் பக்கத்தில் சாமான் காய்வதே பாடு. அதனால் பஞ்சடைத்த பெரிய கரடிப் பொம்மையை, அன்பளிப்பாக வந்தால் தவிர, வீட்டுக்குள் எடுக்காதீர்கள். கழுவினால் வெளித்துணி காயும், உள்ளே பஞ்சு காயாது. அட்டைப் பசலின் மேல்பக்கத்தில் வாங்கிய அன்றே ஒட்டுநாடாவை ஒட்டி, ஓரத்தை வெட்டிவிடுங்கள். மரச் சாமானைத் தண்ணீரில் ஊறவைக்கக் கூடாது. வினாகிரியில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, காற்றில் காயவிட்டு, முழுசாகக் காய்ந்த பிறகுதான் டின்னை மூட வேண்டும். ஈரத்தோடு மூடிய டின்னில் பூசணம் இன்னும் சீக்கிரம் பிடிக்கும்.

கேள்வி: மூத்தவனுக்கு ஐந்து வயது, சின்னவளுக்கு ஒன்றரை. அவனுடைய சாமான் எல்லாம் இவள் வாய்க்குள் போகிறது. எதை ஒளித்து வைப்பது?
– பண்டாரவளை வாசகர்

பதில்: 32 மில்லிமீட்டர் அகலமான குழாய்க்குள் முழுதாக அடங்கிப் போகும் எதுவும் மூன்று வயதுக்குக் கீழே ஆகாது. சர்வதேசத் தரத்தில் சிறு துண்டுகளுக்கான அளவு ஏறத்தாழ அதுதான். உருண்டைக்கு இன்னும் கடுமை, 44 மில்லிமீட்டருக்கு மேல் இருக்க வேண்டும். மேசைப்பந்து 40 மில்லிமீட்டர்தான், ஆகவே அதுவும் சின்னவளுக்குக் கூடாது. பாட்டி காட்டும் பல்லாங்குழி நல்ல எண் விளையாட்டு. ஆனால் புளியங்கொட்டையை எண்ணி எடுத்து எண்ணி உள்ளே வையுங்கள்.

இதிலெல்லாம் மோசமானது சட்டைப் பொத்தான் மாதிரியான வட்ட பற்றரி. விழுங்கினால் இரண்டு மணித்தியாலத்துக்குள் உணவுக்குழாயைச் சுட்டுவிடும். பற்றரி மூடி ஸ்குரூ போட்டு இறுக்கியதாக இல்லாவிட்டால் அந்தச் சாமானை வாங்காதீர்கள். விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள், பார்த்துக்கொண்டு இருக்க வேண்டாம். சிறு காந்தத் துண்டுக்கும் இதேதான். இரண்டு காந்தம் உள்ளே போனால் குடலை நடுவில் வைத்து ஒட்டிக்கொள்ளும்.

கேள்வி: சந்தையில் வாங்கிய மர அபாகஸில் நிறம் உரிந்து கையில் ஒட்டுகிறது. கழுவினால் போதுமா?
– கொட்டகலை வாசகி

பதில்: போதாது. பிள்ளையிடமிருந்து எடுத்துவிடுங்கள். பிள்ளைகளின் சாமானுக்குப் பூசும் வண்ணத்தில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சம் பங்கில் 90 பங்கு) மேல் இருக்கக்கூடாது என்று இங்கே விதி உண்டு. ஆனால் பெயரும் முகவரியும் இல்லாத சாமானில் அதை யார் அளந்தது? ஈயத்தில் பாதுகாப்பான அளவு என்று எதுவும் தெரியவரவில்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். வாங்கும்போது நகத்தால் ஒரு மூலையைச் சுரண்டிப் பாருங்கள். கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும்.

கேள்வி: இணையத்தில் வாங்கிய பசல் பெட்டியில் படத்தில் இருந்ததில் பாதிதான் வந்தது. விற்றவர் போன் எடுப்பதில்லை. என்ன செய்யலாம்?
– நுவரெலியா வாசகர்

பதில்: விளம்பரப் படம், ஓடர் விவரம், பார்சல் மேலுள்ள சீட்டு, வந்த துண்டுகளின் படம் எல்லாவற்றையும் சேர்த்து வையுங்கள். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில் முறையிடலாம். வாங்கி மூன்று மாதத்துக்குள் அனுப்ப வேண்டும். விவரம் கேட்க 1977 என்ற இலக்கம் இருக்கிறது. அதே சட்டப்படி, வாடிக்கையாளர் கேட்டால் கடைக்காரர் பற்றுச்சீட்டுக் கொடுத்தே ஆக வேண்டும். அடுத்த தடவை கடையில் வாங்கினால், பெட்டியைத் திறந்து காட்டச் சொல்லி, துண்டை எண்ணிப் பார்த்து, பில்லில் சாமானின் பெயரையும் எழுதி வாங்குங்கள். வெறும் தொகை மட்டும் எழுதிய துண்டுச் சீட்டை வைத்து முறைப்பாட்டை நிரூபிப்பது கஷ்டம்.