வாசகர் கேள்வி–பதில்: துலூஸ் செங்கல் தேவாலயம்

கேள்வி: பிரான்சில் துலூஸ் நகரில் அரைநாள்தான் இருப்போம். பழைய நகரிலுள்ள சேன் செர்னேன் தேவாலயத்தை எந்த வரிசையில் பார்த்தால் நேரம் வீணாகாது?

ஒன்றரை மணி நேரம் போதும். ஆனால் உள்ளே ஓடிவிடாதீர்கள், முதல் அரைமணி வெளியே. மெட்ரோ 'ஏ' பாதையில் காப்பித்தோல் நிலையத்தில் இறங்கி, சதுக்கத்திலிருந்து வடக்கே போகும் ரூ து தோர் தெருவில் நடந்தால் சில நிமிடத்தில் கோயிலின் தெற்குப் பக்கம் வந்துவிடும். 'தோர்' என்றால் காளை. துலூஸின் முதல் ஆயர் சத்துர்னினைக் காளையில் கட்டி இழுத்துக் கொன்றதாகச் சொல்லப்படும் வரலாற்றின் நினைவு அது. அவர் பெயர்தான் செர்னேன் என்று சுருங்கிவிட்டது.

எதிரே மியேஜ்வில் வாசல் தெரியும். அங்கேயே நிற்காமல் வலப்பக்கமாகக் கிழக்கே சுற்றுங்கள். கட்டடத்தின் சிறந்த கோணம் அதுதான்: தரையோடு சிறு அரைவட்ட மாடங்கள், அவற்றின் தலைக்கு மேல், பலிபீடத்தைச் சுற்றிப் போகும் உள்நடையான திருச்சுற்றின் கூரை, அதற்கும் மேல் பெரிய அரைவட்டச் சுவர், கடைசியில் எண்கோணக் கோபுரம் என்று படிப்படியாக ஏறும். மேற்கு முகப்பில் நேரம் செலவிட வேண்டாம். அது முடிக்கப்படாமலே நின்றுவிட்டது.

கேள்வி: இந்தக் கோயிலின் பழைய ஐரோப்பியக் கட்டடப் பாணியான ரோமனெஸ்க் என்றால் அரைவட்ட வளைவு என்று படித்தேன். இக்கோபுரத்தின் படத்தில் கூம்பிய வளைவுகளும் இருக்கின்றனவே?

கண் சரியாகத்தான் பார்த்திருக்கிறது. கோபுரத்தில் ஐந்து அடுக்குகள். கீழ் மூன்றும் 12ஆம் நூற்றாண்டு, வளைவு அரைவட்டம். மேல் இரண்டும் 13ஆம் நூற்றாண்டு. அங்கே இருப்பதை வளைவு என்றே சொல்ல முடியாது. இரு நேர்க்கோடுகள் சாய்ந்து முக்கோணமாக முட்டிக்கொள்கின்றன. நேரான செங்கல்லைக் கொண்டு அப்படிக் கட்டுவது எளிது. சுற்றுவட்டாரத்தில் நல்ல கல் அரிது, கரோன் ஆற்றுக் களிமண்ணோ ஏராளம். துலூஸ் செங்கல் நகரமானது அதனால்தான்.

கோபுரத்தை உயர்த்தியதன் விலையை உள்ளே பார்க்கலாம். நடுக்கூடமும் குறுக்குக் கூடமும் சந்திக்கும் இடத்திலுள்ள நான்கு தூண்களையும் மற்றத் தூண்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள். எடை தாங்க அவற்றைப் பருமனாக்கியதில் பலிபீடத்தை நோக்கிய பார்வை குறுகிவிட்டது.

கேள்வி: உள்ளே எடுத்த படங்களெல்லாம் இருட்டாக வருகின்றன. காமிராவின் குறையா?

இல்லை, கட்டடத்தின் இயல்பு. 115 மீட்டர் நீளக் கோயிலின் நடுக்கூடத்து மேலே பீப்பாயைப் பாதியாக வெட்டிக் கவிழ்த்தது போன்ற கூரை. அது நீளம் முழுக்கச் சுவர்களை வெளிப்புறம் தள்ளும். அந்தத் தள்ளுதலைத் தாங்க இருபுறமும் மாடி எழுப்பி, அதன் கால்வட்டக் கூரையை எதிர் முட்டாகக் கொடுத்திருக்கிறார்கள். அதனால் நடுக்கூடத்துக்கென்று தனிச் சன்னல் இல்லை. மாடி வழியாகவும் பக்கக் கூடங்கள் வழியாகவும் வடிகட்டி வரும் ஒளிதான். வெயிலுள்ள நண்பகலை ஒட்டிப் போனால் தெற்குச் சன்னல்கள் உதவும். ஃபிளாஷ் வேண்டாம், அத்தனை தூரம் எட்டாது, வழிபடுவோருக்கும் தொல்லை. தூணில் முதுகைச் சாய்த்து, காமிராவின் ஒளியுணர்திறனை (ஐ.எஸ்.ஓ.) 1600-க்கு மேல் வைத்து எடுங்கள்.

கேள்வி: நடுக்கூடம் இலவசம் என்கிறார்கள். திருச்சுற்றுக்குத் தனியாகக் காசு கொடுக்க வேண்டுமா?

கொடுக்க வேண்டியிருக்கலாம், மிகச் சிறு தொகைதான். இரண்டுக்கும் திறப்பு நேரம் வேறாக இருக்கக்கூடும்; வாசல் பலகையைப் பாருங்கள். திருச்சுற்றுச் சுவரில் ஏழு சலவைக்கல் புடைப்புச் சிற்பங்கள். நடுவில் அரியணையில் கிறிஸ்து, சுற்றிலும் நான்கு நற்செய்தியாளர்களின் சின்னங்கள். ஆடை மடிப்புகள் உடலோடு ஒட்டிய இணை கோடுகளாக இறங்குவதைப் பக்கவாட்டிலிருந்து பாருங்கள். நேரே நின்றால் அந்த ஆழம் தட்டையாகிவிடும். 1096-இல் பாப்பரசர் இரண்டாம் உர்பான் அர்ப்பணித்த கோயிலின் பலிபீடப் பலகையில் சிற்பி பெர்னார் ஜில்துவேனின் பெயர் பொறித்திருக்கிறது. இந்தச் சிற்பங்களும் அவரது பட்டறையினுடையவை என்பதே பொதுவான கருத்து.

ஞாயிறு காலைத் திருப்பலியின்போது சுற்றிப் பார்க்கப் போகாதீர்கள். தொப்பியைக் கழற்றுங்கள், தோள் மூடிய உடை நல்லது. சிறு பைனாக்குலர் கட்டாயம்: தூண்தலைச் சிற்பங்கள் பலவும் வெறும் கண்ணுக்கு எட்டாத உயரத்தில் இருக்கின்றன. வெளியே வந்ததும் மியேஜ்வில் வாசலுக்குத் திரும்புங்கள். நிலைக்கு மேலுள்ள நீள்கல்லில் வரிசையாக அப்போஸ்தலர்கள். ஒவ்வொருவரும் தலையை அண்ணாந்து, மேலேறிப் போகும் கிறிஸ்துவைப் பார்க்கிறார்கள்.